செல்லப்பிராணியின் படத்தில் பண்டிகை விளக்குகளைப் பெரிய ஒளிவட்டங்களாக மங்கச் செய்வது எப்படி?

வாலாட்டி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு கருப்பு நாய் இருக்கிறது. பண்டிகைக்காகச் சுவர் முழுவதும் சீரியல் விளக்குகளைத் தொங்கவிட்டிருக்கிறோம். பின்னால் அந்த விளக்குகள் பெரிய, மென்மையான வட்டங்களாகக் கரைந்து நிற்க, முன்னால் நாயின் முகம் மட்டும் துல்லியமாகத் தெரியும் ஒரு படம் எடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. என்னிடம் முழுச்சட்டக் கேமராவும் (ஃபுல் ஃபிரேம், அதாவது பெரிய உணரி கொண்டது) 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸும் உள்ளன. லென்ஸின் துளையை முழுவதும் திறந்து வைத்துத்தான் எடுக்கிறேன். ஆனாலும் விளக்குகள் சிறுசிறு வெள்ளைப் பொட்டுகளாகவே பதிகின்றன. நாயோ இருட்டில் கண்ணும் மூக்கும் தெரியாமல் கிடக்கிறது. படத்தை வெளிச்சமாக்கினால் விளக்குகளின் நிறம் போய் அனைத்தும் வெளுத்துவிடுகின்றன. நாய் சுவரிலிருந்து அரை மீட்டர் முன்னால் உட்காருகிறது. நான் அதனிடமிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்கிறேன். இதற்கு வேறு லென்ஸ் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

ஒளித்துளை:

லென்ஸ் வாங்க வேண்டாம். நாயைச் சுவரிலிருந்து முன்னால் கொண்டுவாருங்கள். விளக்குகள் பொட்டாகப் பதிவது, நிறம் வெளுத்துப்போவது ஆகிய இரண்டு குறைகளும் அந்த அரை மீட்டரில்தான் இருக்கின்றன.

ஒளிவட்டத்தின் அளவைக் கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு. நாயின் முகத்தை ஒட்டி ஓர் அளவுகோலைப் பிடித்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னணியில் உள்ள ஒரு விளக்கின் வட்டம் அந்த அளவுகோலில் எவ்வளவு இடத்தைப் பிடிக்கும் என்பதை இரண்டே விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, லென்ஸ் துளையின் உண்மையான விட்டம். குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் அது கிடைக்கும். உங்கள் லென்ஸுக்கு 50ஐ 1.8ஆல் வகுத்தால் ஏறத்தாழ 28 மி.மீ. மற்றொன்று, நாய்க்கும் விளக்குக்கும் இடையே உள்ள தூரம், கேமராவுக்கும் விளக்குக்கும் இடையே உள்ள மொத்தத் தூரத்தில் எத்தனை பங்கு என்பது. இந்தப் பங்கைத் துளையின் விட்டத்தோடு பெருக்கினால் வட்டத்தின் அளவு வந்துவிடும்.

இப்போது நீங்கள் நிற்கும் நிலையில் மொத்தத் தூரம் 2 மீட்டர், நாய்க்குப் பின்னால் இருப்பது அரை மீட்டர், அதாவது கால் பங்கு. வட்டத்தின் அளவு 7 மி.மீ. மட்டுமே, நாயின் முகத்தருகே அது ஒரு பொட்டாகத்தான் தெரியும். நீங்களும் நாயும் அதே ஒன்றரை மீட்டர் இடைவெளியோடு அப்படியே முன்னால் நகர்ந்து, நாய்க்கும் சுவருக்கும் நடுவே 3 மீட்டர் விட்டால் பங்கு மூன்றில் இரண்டாகிறது, வட்டம் 18.5 மி.மீ. ஆகிறது. ஒரு பூனையின் கண் அகலத்தை நெருங்கும் அளவு அது. அதற்கு மேல் எத்தனை மீட்டர் பின்னால் கொண்டுபோனாலும் 28 மி.மீ.யைத் தாண்டாது. ஆகவே, பின்னணியின் தூரம் உங்களுக்கும் நாய்க்கும் உள்ள தூரத்தைப் போல் இரண்டு மடங்கு இருந்தாலே பலனில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடுகிறது. இருக்கும் கூடத்தின் நீளத்தை இந்தக் கணக்கில் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.

இதே கணக்கிலிருந்து இன்னொன்றும் கிடைக்கிறது. வட்டம் லென்ஸ் துளையைவிடப் பெரிதாக முடியாது என்பதால், சட்டத்துக்குள் நாயின் முழு உடலும் வந்தால் 18 மி.மீ. வட்டங்கள் மிகச் சிறியவையாகத் தோன்றும். முகமும் கழுத்தும் மட்டும் வந்தால் அதே வட்டங்கள் பெரியவையாகத் தோன்றும். முழு உடலும் வேண்டும், வட்டங்களும் பெரிதாக வேண்டும் என்றால் 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸோ (துளை 47 மி.மீ.) 135 மி.மீ. எஃப் 1.8 லென்ஸோ (துளை 75 மி.மீ.) தேவைப்படும், கூடவே அவற்றுக்கு ஏற்ற நீளமான இடமும் வேண்டும்.

பூனைவிழி:

ஒளித்துளை சொன்ன தூரக் கணக்கு சரியாக வேலை செய்ய வேண்டுமானால் கேமராவின் உயரத்தையும் கவனிக்க வேண்டும். நாய்க்குப் பின்னால் சுவர் 3 மீட்டர் தள்ளி இருக்கலாம். ஆனால் நீங்கள் நின்றுகொண்டு கீழ்நோக்கி எடுத்தால் நாயின் தலைக்குப் பின்னால் தெரிவது சுவராக இருக்காது. கேமரா ஒன்றரை மீட்டர் உயரத்திலும், நாயின் தலை அரை மீட்டர் உயரத்திலும், இடையே ஒன்றரை மீட்டர் தூரமும் இருந்தால், தலையைக் கடந்து செல்லும் பார்வைக்கோடு முக்கால் மீட்டருக்குள் தரையைத் தொட்டுவிடும். அப்போது பின்னணி என்பது வெறும் தரைதான். விளக்குகள் சட்டத்தின் மேல் ஓரத்தில் எங்கோ ஒதுங்கி நிற்கும். கேமராவைப் பிராணியின் கண் மட்டத்துக்கு இறக்குங்கள். தரையில் படுத்துக்கொண்டு முழங்கைகளை ஊன்றி எடுப்பது எனக்குப் பிடித்த நிலை. கேமரா அசையாமல் நிற்பதற்கும் அது உதவுகிறது. படுக்க முடியாதவர்கள் பிராணியை நாற்காலியிலோ சோபாவிலோ ஏற்றிவிட்டு, தாங்கள் முழங்காலிட்டு எடுக்கலாம்.

விளக்குகளையும் அதற்கேற்பக் கீழே கொண்டுவர வேண்டும். பண்டிகை விளக்குகளை மனிதர் பார்க்கும் உயரத்திலும் அதற்கு மேலும் கட்டுவதே வழக்கம். நாயின் கண் மட்டத்திலிருந்து 50 மி.மீ. லென்ஸைக் கிடைமட்டமாகப் பிடித்துப் பார்த்தால், நாலரை மீட்டர் தூரத்துச் சுவரில் தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரம் வரைதான் சட்டத்துக்குள் வரும். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால் இரண்டு மீட்டர் வரை கிடைக்கும். நாயின் தலையைச் சுற்றி வட்டங்கள் வேண்டும் என்றால் விளக்குச் சரத்தின் பெரும்பகுதி இந்த உயரத்துக்குள் இருக்க வேண்டும்.

சரத்தை எப்படிப் பரப்புகிறோம் என்பதும் முக்கியம். 18.5 மி.மீ. வட்டம் என்பது நாயின் முகத்தருகே அளந்தது. மூன்று மடங்கு தூரத்தில் இருக்கும் சுவரில் அது ஐந்தரை சென்டிமீட்டர் அகலத்துக்குச் சமம். எனவே பல்புகள் அதைவிட நெருக்கமாக இருந்தால் வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, வடிவமில்லாத ஒளித்திட்டாகிவிடும். கொத்தாகச் சுருட்டி வைத்த சரம் நேரில் அழகாக இருந்தாலும் படத்தில் வீணாகிறது. பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் தளர்வாக, சற்று ஒழுங்கில்லாமல் தொங்கவிட்ட சரம்தான் தனித்தனி வட்டங்களைத் தரும். சில பல்புகளை மட்டும் சுவரிலிருந்து ஒரு மீட்டர் முன்னால் இழுத்துக் கட்டினால் வட்டங்கள் ஒரே அளவில் அமையாமல் சிறிதும் பெரிதுமாகக் கலந்து வரும். எனக்கு அந்தக் கலவையே அதிகம் பிடிக்கும்.

ஷட்டரை அழுத்துவதற்கு முன் காதுகளின் நுனியை ஒரு முறை பாருங்கள். பளிச்சென்ற வட்டம் ஒன்று காதின் ஓரத்தில் ஒட்டியிருந்தால் பார்ப்பவரின் கண் முகத்தை விட்டுவிட்டு அங்கேயே போய் நிற்கும். கேமராவை ஒரு கையளவு பக்கவாட்டில் நகர்த்தினாலே அது விலகிவிடும்.

கைபேசிக்கண்:

என்னிடம் கைபேசி மட்டும்தான் இருக்கிறது. போர்ட்ரெய்ட் முறையில் எடுத்தால் பின்னணி மங்குகிறது. ஆனால் பூனையின் மீசையையும் காதோர முடியையும் சேர்த்து அழித்துவிடுகிறது. துளைக் கணக்கின்படி பார்த்தால் கைபேசியில் இது முடியவே முடியாதா?

ஒளித்துளை:

பெரும்பாலான கைபேசிகளின் முதன்மை லென்ஸில் துளையின் விட்டம் 4 மி.மீ.யை ஒட்டியே இருக்கிறது. ஆகவே இயல்பாக மங்கும் வட்டமும் பூனையின் முகத்தருகே 4 மி.மீ.யைத் தாண்டாது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் போர்ட்ரெய்ட் முறை வந்தது. 2016இல் ஐஃபோன் 7 பிளஸ் அதைக் கொண்டுவந்த பிறகு அது எங்கும் பரவிவிட்டது. மென்பொருள் பிராணியின் எல்லையைக் கணித்து, அதற்கு வெளியே உள்ளதை மங்கலாக்குகிறது. மனித முகத்தின் விளிம்பு தெளிவானது. ரோமத்தின் விளிம்பு அப்படிப்பட்டதல்ல. மீசை முடி ஒவ்வொன்றும் பின்னணியின் மேல் தனித்து நீட்டிக்கொண்டிருப்பதால் கணிப்பு அங்கேதான் தவறுகிறது.

உங்களிடம் இருப்பது பூனை என்பது ஒரு வகையில் நல்லது. முகம் சிறியது என்பதால் 4 மி.மீ. வட்டம்கூட அதற்கருகே ஓரளவு தெரியும். போர்ட்ரெய்ட் முறையை அணைத்துவிட்டு, முதன்மை லென்ஸ் துல்லியமாகக் குவியக்கூடிய மிகக் குறைந்த தூரத்துக்குப் பூனை அனுமதிக்கும் வரை நெருங்குங்கள். விளக்குகள் 3 அல்லது 4 மீட்டர் பின்னால் இருக்கட்டும். மங்கல் அளவோடுதான் இருக்கும். ஆனால் மீசையின் ஒவ்வொரு முடியும் முழுதாக இருக்கும். போர்ட்ரெய்ட் முறையே வேண்டும் என்றால் அதன் மங்கல் அளவை நடுத்தரத்துக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். விளிம்புப் பிழை அவ்வளவாகக் கண்ணை உறுத்தாது. தொலைநோக்கு லென்ஸ் உள்ள கைபேசி என்றால் ஒரு எச்சரிக்கை: வெளிச்சம் போதாதபோது பல கைபேசிகள் அந்த லென்ஸைப் பயன்படுத்தாமல், முதன்மை லென்ஸின் படத்தையே வெட்டிப் பெரிதாக்கித் தருகின்றன. லென்ஸை விரலால் மறைத்துப் பார்த்தால் எது வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும்.

நாலுகால்:

நான் விலங்குகளுக்கு மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையில் இந்த இழையில் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

பிராணியை விளக்குகளிலிருந்து 3 மீட்டர் தள்ளி உட்கார வைப்பது படத்துக்கு மட்டுமல்லாமல் பிராணிக்கும் நல்லது என்பதில் எனக்கு மகிழ்ச்சி. சரத்தை நாயின் கழுத்தில் சுற்றியும் பூனையை விளக்குக் குவியலுக்குள் உட்கார வைத்தும் எடுக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். குட்டிகள் கம்பியைக் கடிக்கும். மின்சாரம் வாயைச் சுட்டுவிடும். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதும் உண்டு, அது சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். மின்கலத்தில் எரியும் சரம் இதைவிடப் பாதுகாப்பானது என்றாலும், அதன் பெட்டியிலோ தொலைக் கட்டுப்பாட்டுக் கருவியிலோ பொத்தான் மின்கலம் இருந்தால் அதைப் பிராணிக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். விழுங்கப்பட்ட பொத்தான் மின்கலம் உணவுக்குழாயைக் குறுகிய நேரத்திலேயே அரித்துவிடும். பூனை உள்ள வீட்டில் மினுமினுக்கும் சரிகைத் தோரணமே வேண்டாம் என்பேன். அதன் ஒரு முனை நாவின் அடியில் சிக்கி, மறுமுனை குடலுக்குள் இறங்கிவிட்டால் அறுவை சிகிச்சை வரை போக நேரும்.

அடுத்தது, பிராணியின் மனநிலை. நாய் அடிக்கடி உதட்டை நக்குவதும், களைப்பில்லாமலே கொட்டாவி விடுவதும், தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியும்படி ஓரமாகப் பார்ப்பதும், காதுகளைப் பின்னால் ஒட்டவைப்பதும் அது சங்கடப்படுகிறது என்பதன் அடையாளங்கள். பூனை வாலை வேகமாக அசைத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இவற்றைப் படத்திலும் மறைக்க முடியாது. பின்னணி எத்தனை அழகாக அமைந்தாலும் கலங்கிய கண்கள் கலங்கிய கண்களாகவே பதியும். வெளியே வெடிச்சத்தம் கேட்கும் நேரத்தில் இந்த முயற்சியே வேண்டாம். விளக்குகளை எரியவிட்டு, கேமராவைத் தரையில் வைத்து, நாய் அவற்றை மோந்து பார்த்துச் சலித்துப் போகும் வரை விட்டுவிடுங்கள். அதன் பிறகு அதற்குப் பழக்கமான விரிப்பைச் சரியான இடத்தில் போட்டால் தானாகவே வந்து படுத்துக்கொள்ளும். ஒரு சில நிமிடங்களுக்கு மேல் நீட்டிக்க வேண்டாம்; தின்பண்டத்தைப் படம் எடுத்த பிறகும் கொடுங்கள்.

வாலாட்டி:

எல்லோருக்கும் நன்றி. விரிப்பைச் சுவரிலிருந்து 3 மீட்டர் முன்னால் போட்டு, தரையில் படுத்து எடுத்துப் பார்த்தேன். வட்டங்கள் நான் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வந்தன. முன்பு வெளுத்துப் போன சிவப்பும் பச்சையும் இப்போது நிறத்தோடு தெரிகின்றன. அது ஏன் என்று விளங்கவில்லை. இன்னும் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. நாயின் முகத்தில் கண் துல்லியமாக இருக்கிறது, மூக்கு மங்கிவிடுகிறது. உடல் இன்னும் கருத்த நிழலாகவே இருக்கிறது.

ஒளித்துளை:

நிறம் திரும்பியதற்குக் காரணம் இதுதான். ஒரு பல்பிலிருந்து லென்ஸுக்குள் வரும் ஒளி பெரிய வட்டத்தில் பரவும்போது அந்த வட்டத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் வெளிச்சம் குறைகிறது. கணக்கிட்டுப் பார்த்தால், நாயைச் சட்டத்துக்குள் அதே அளவில் வைத்திருக்கும் வரை, வட்டத்தின் வெளிச்சம் நாய்க்கும் விளக்குக்கும் உள்ள தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. ஒரு மீட்டரிலிருந்து மூன்று மீட்டருக்குக் கொண்டுபோனால் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். வெளுத்துப் போன விளக்குகளை அடக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இதன் தொடர்ச்சியாக இன்னொரு உண்மையையும் சொல்கிறேன். துளையை அகலமாகத் திறந்தால் நாயின் மேல் வெளிச்சம் கூடும். ஆனால் வட்டங்கள் பெரிதாகுமே தவிர வெளிச்சம் கூடுவதில்லை, ஏனென்றால் கூடுதலாக நுழையும் ஒளி அதே விகிதத்தில் பெரிதான பரப்பில் பரவிவிடுகிறது. ஐஎஸ்ஓவையோ (கேமராவின் ஒளி உணர்திறன்) ஷட்டர் நேரத்தையோ கூட்டினால் இரண்டும் சேர்ந்தே வெளிச்சமாகும். எனவே, விளக்குகளோடு ஒப்பிடும்போது நாய் இருட்டாக இருக்கிறது என்றால் துளையைத் திறந்தே வைத்திருங்கள். நாய்க்கென்று தனியாக ஒரு விளக்கு கொடுங்கள்.

கருப்பு ரோமம் வெளிச்சத்தை விழுங்குகிறது. அதன் மேல் விழும் பளபளப்பைக் கொண்டுதான் உடலின் வடிவம் நமக்குத் தெரிகிறது. நேர் முன்னாலிருந்து வரும் விளக்கு அந்தப் பளபளப்பைத் தராது. வெள்ளைத் துணி போர்த்திய பெரிய விளக்கொன்றையோ, வெள்ளை அட்டையில் பட்டுத் திரும்பும் விளக்கையோ நாயின் பக்கவாட்டில் சற்றுப் பின்வாங்கி, ஒரு மீட்டருக்குள் வையுங்கள். துணி சூடான பல்பைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கன்னத்திலும் கழுத்திலும் ரோமத்தின் கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். கண்ணிலும் ஒளிப்பொட்டு ஒன்று விழும். விளக்கு நாய்க்கு ஒரு மீட்டரிலும் சுவருக்கு மூன்று மீட்டரிலும் இருந்தால் சுவரில் விழுவது ஒன்பதில் ஒரு பங்கு என்பதால் பின்னணி இருட்டாகவே நிற்கும். வட்டங்களின் நிறமும் கெடாது. கேமராவின் ஒளியளவி கருப்பு நாயைச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். எனவே ஒளியீட்டுத் திருத்தத்தை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) ஒரு படி குறைத்துத் தொடங்குங்கள்.

மூக்கு மங்குவது துல்லிய ஆழத்தின் சிக்கல், அதாவது முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் துல்லியமாகத் தெரியும் என்பது. ஒன்றரை மீட்டரில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் வைத்தால் முன்னும் பின்னும் சேர்ந்து ஏறத்தாழ 10 செ.மீ. ஆழமே கிடைக்கும். நீண்ட மூஞ்சி உள்ள நாய்க்கு அது போதாது. துளையைச் சற்று மூடி எஃப் 2.8க்கு மாற்றினால் 15 செ.மீ. கிடைக்கும், வட்டம் 12 மி.மீ.யாகச் சிறுத்துவிடும்.

பூனைவிழி:

எஃப் 2.8க்குப் போவதற்கு முன் நாயின் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். ஒருவர் பக்கத்தில் நின்று மெல்லக் கூப்பிட்டால் அது அந்தப் பக்கம் பார்க்கும். அப்போது மூக்கும் கேமராவை நோக்கிய கண்ணும் கிட்டத்தட்ட ஒரே தளத்துக்கு வந்துவிடுவதால் எஃப் 1.8லேயே இரண்டும் துல்லியமாக இருக்கும். ஒளித்துளை சொன்ன பக்கவாட்டு விளக்கை நோக்கி அது பார்த்தால் கண்ணும் நெற்றியும் மூக்கின் மேற்புறமும் ஒன்றாக ஒளிரும். முன்னோக்கிய முகம்தான் வேண்டும் என்றால் எஃப் 2.8 சரி. என்னைக் கேட்டால், மூக்கு சற்று மங்கினாலும் கண்கள் துல்லியமாக இருக்கும் படம் எனக்கு நிறைவைத் தருகிறது. மூக்கு துல்லியமாகி, கண் மங்கிய படத்தைத்தான் என்னால் ஏற்க முடிவதில்லை. அதனால் குவியப் புள்ளியை எப்போதும் அருகிலுள்ள கண்ணின் மேல் வையுங்கள்.

விலங்குகளின் கண்ணைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி கேமராவில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். 2019இல் சோனி தன் ஆல்ஃபா 7 வரிசைக் கேமராக்கள் சிலவற்றுக்கு மென்பொருள் மேம்படுத்தல் வழியாக அதைக் கொடுத்தது. அடுத்த ஆண்டே கேனானும் நிக்கானும் அதைக் கொண்டுவந்தன. கருப்பு ரோமத்துக்குள் இருக்கும் கருங்கண்ணில் வெளிச்சம் விழாவிட்டால் அது தடுமாறும். பக்கவாட்டு விளக்கு அதற்கும் உதவும்.

மின்னலை:

எல்இடி சரங்களைப் பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். பல சரங்கள் மின்சாரத்தின் அலைக்கேற்ப அணைந்து அணைந்து எரிகின்றன. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறையும், 60 ஹெர்ட்ஸில் 120 முறையும் அது நிகழும். நம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ஷட்டர் வேகம் நொடியில் 250இல் ஒரு பங்கு, 500இல் ஒரு பங்கு என்று போகும்போது சில படங்களில் வட்டங்கள் பளிச்சென்றும் சில படங்களில் மங்கியும் வரும். மின்னணு ஷட்டரில் எடுத்தால் சட்டத்தின் ஒரு பட்டையில் மட்டும் விளக்குகள் அணைந்தே போகலாம். இயந்திர ஷட்டரை வைத்து, 50 ஹெர்ட்ஸ் என்றால் நொடியில் 100இல் ஒரு பங்கு, 60 ஹெர்ட்ஸ் என்றால் 120இல் ஒரு பங்கு என்று அமைத்தால் ஒவ்வொரு முறையும் முழுச் சுற்று பதிந்துவிடும். அமைதியாகப் படுத்திருக்கும் நாய்க்கு அந்த வேகம் போதும். சில எளிய சரங்கள் அலையின் ஒரு பாதியில் மட்டுமே எரியும்; அவற்றுக்கு 50 அல்லது 60இல் ஒரு பங்கு வேண்டும். மின்கலத்தில் எரியும் சரங்கள் பெரும்பாலும் இந்தத் தொல்லையைத் தருவதில்லை. ஓடும் விளக்கு, மினுக்கும் விளக்கு போன்ற முறைகளை நிறுத்திவிட்டு, எல்லாம் தொடர்ந்து எரியும் முறையில் வையுங்கள்.

நீல எல்இடி பல நேரங்களில் மற்ற நிறங்களுக்கு முன்பே உச்சத்தைத் தொட்டு விவரமற்ற தட்டையான வட்டமாகிவிடும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனியாக ஒளியளவு வரைபடம் காட்டும் வசதி கேமராவில் இருந்தால் நீலக் கோட்டைக் கவனியுங்கள். இயலுமானால் படத்தை ரா வடிவில், அதாவது கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். நாயின் ரோமத்துக்கும் விளக்குகளுக்கும் வெள்ளைச் சமநிலையை (நிறச் சாயலை) பிறகு தனித்தனியாகத் திருத்த அது இடம் தரும்.

கணினிக்கூடம்:

இத்தனை ஏற்பாடு எதற்கு? கேமராவை முக்காலியில் வைத்து விளக்குகளை மட்டும் குவியம் தவறவிட்டு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாயைப் பகலில், நல்ல வெளிச்சத்தில் தனியாக எடுத்து, கணினியில் இரண்டையும் இணைத்துவிடலாம். நாய்க்கும் தொல்லை குறைவு.

ஒளித்துளை:

நாய்க்குத் தொல்லை குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இணைத்த படத்தில் ரோமத்தின் விளிம்பு காட்டிக்கொடுத்துவிடும். உண்மையான படத்தில் பின்னாலிருக்கும் வட்டம் காதோர முடிகளின் ஊடாகக் கசிந்து, அந்த முடிகளைத் தன் நிறத்தில் லேசாகத் தோய்த்துவிடுகிறது. பகல் வெளிச்சத்தில் எடுத்து வெட்டி ஒட்டிய நாயின் விளிம்பில் அது இருக்காது. அதைக் கையால் வரைந்து கொண்டுவரத் திறமை உள்ளவர்கள் இருக்கிறார்கள். அந்த உழைப்பைவிட விரிப்பை இழுத்துப் போடுவது எளிது என்று நினைக்கிறேன். முக்காலி இருந்தால் அதை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். நாயின் கயிற்றைப் பிடித்திருக்கும் கை சட்டத்துக்குள் வந்தால், அதே குவியத்தில், அதே ஒளியமைப்பில் நாய் இல்லாமல் ஒரு படம் எடுத்துவைத்துக்கொண்டு, கை இருந்த பகுதியை மட்டும் அதிலிருந்து நிரப்பிவிடலாம். வட்டங்கள் இரண்டு படங்களிலும் ஒன்றாக இருப்பதால் ஒட்டு தெரியாது.

நாலுகால்:

ஃபிளாஷ் பற்றி யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். கேமராவின் மேலிருந்து நேராக அடிக்கும் ஃபிளாஷ், நாய், பூனைகளின் விழித்திரைக்குப் பின்னால் உள்ள எதிரொளிப் படலத்தில் பட்டுத் திரும்பி, கண்களைப் பச்சையாகவும் மஞ்சளாகவும் ஒளிர வைக்கும். இருட்டறையில் கண்மணி விரிந்திருப்பதால் அது இன்னும் மோசமாகும். கூரையை நோக்கித் திருப்பிய ஃபிளாஷில் அந்தச் சிக்கல் இல்லை. சத்தத்துக்கும் மின்னலுக்கும் பயப்படும் பிராணி என்றால் அதையும் தவிர்த்து, ஒரே சீராக எரியும் விளக்கையே பயன்படுத்துங்கள்.

வாலாட்டி:

பக்கவாட்டு விளக்கு, நொடியில் 100இல் ஒரு பங்கு, எஃப் 1.8, முகம் ஒரு பக்கமாகத் திரும்பிய நிலை என்று எடுத்ததில் கழுத்து ரோமம் இழையிழையாகத் தெரிகிறது. மூக்கின் ஈரம்கூடப் பதிந்திருக்கிறது. ஒரே ஒரு கேள்வி மீதி இருக்கிறது. நடுவில் உள்ள ஒளிவட்டங்கள் முழு வட்டமாக இருக்கின்றன. மூலைகளை நெருங்க நெருங்க எலுமிச்சம்பழம் போல நீண்டு ஒடுங்கிவிடுகின்றன. லென்ஸில் பழுதா?

ஒளித்துளை:

பழுதில்லை. மூலையிலிருந்து சாய்வாக வரும் ஒளியை லென்ஸ் குழலின் முன் விளிம்பும் பின் விளிம்பும் ஓரளவு மறைத்துவிடுகின்றன. வட்டம் வெட்டுப்பட்டு அந்த வடிவம் வருகிறது. துளை அகலமாகத் திறந்திருக்கும் எல்லா லென்ஸ்களிலும் ஏறக்குறைய இது உண்டு. எஃப் 2.8க்கு மூடினால் பெருமளவு சரியாகும். ஆனால் வட்டம் சிறுத்துவிடும், துளை இதழ்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பல கோண வடிவமும் எட்டிப் பார்க்கும். நான் செய்வது வேறு. நாயையும் விளக்குகளையும் அப்படியே விட்டுவிட்டு நான் மட்டும் ஒன்றரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்குப் பின்வாங்கி, நாயைச் சட்டத்தின் நடுவில் வைத்து எடுத்து, பிறகு ஓரங்களை வெட்டிவிடுவேன். ஒடுங்கிய வட்டங்களில் பெரும்பாலானவை வெட்டுப்பட்ட பகுதியோடு போய்விடும். நாயின் முகத்தருகே அளந்தால் வட்டம் 18.5இலிருந்து 17 மி.மீ.யாகத்தான் குறையும், துல்லிய ஆழமும் சற்றுக் கூடுவதால் முன்னோக்கிய முகத்தையும் இந்தத் தூரத்திலிருந்து எஃப் 1.8இல் ஒரு முறை முயன்று பார்க்கலாம்.